பின்னால் வந்தவரை முன்னால் பார்ப்பது ஏன்?

சாலை விபத்தில் காயமடைந்தவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்பதாக 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டமும், விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாள்களுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை என்று 2025 மே மாதத்தில் மத்திய அரசு அறிவிக்கை செய்த திட்டமும் ஒன்றோடொன்று கலந்து குழம்பிக் கிடப்பதைக் பெரம்பலூர் மாவட்டக் குரும்பலூர் வட்டார வாசகர்களின் கடிதங்கள் காட்டுகின்றன. முன்னது மணிக்கணக்கு, பின்னது நாள்கணக்கு. இரண்டும் சாலை விபத்துக்கு மட்டுமே உரியவை என்பதால், நெஞ்சுவலியோடு வருபவருக்கும் பாம்பு கடித்தவருக்கும் இவற்றில் இடமில்லை. ‘கட்டணமில்லா’ என்ற அரசுச் சொல்லை அதன் வேலிகளோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஆயினும் அக்கடிதங்களில் மேலோங்கி நிற்கும் மனக்குறை பணத்தைப் பற்றியதன்று. தமக்குப் பின்னால் வந்தவரை முன்னால் அழைத்தார்கள் என்பதே அது.

அவசர சிகிச்சைப் பிரிவில் வருகை வரிசை செல்லாது. வந்தவரின் மூச்சு, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு, சுயநினைவு ஆகியவற்றை ஒரு செவிலியரோ மருத்துவரோ சில நிமிடங்களில் பார்த்து, உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் சிவப்பு, விரைவில் கவனிக்க வேண்டியதென்றால் மஞ்சள், காத்திருக்கத் தாங்குமென்றால் பச்சை என்று பிரிப்பதற்கு ‘டிரையேஜ்’ என்று பெயர். பிரித்தெடுத்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பெயர் பெற்ற இம்முறையின் வேர், நெப்போலியனின் படையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் தொமினிக் ழான் லாரே பதவியைப் பாராமல் காயத்தின் கடுமையைப் பார்த்து வீரர்களுக்குச் சிகிச்சை அளித்ததில் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இது ‘தாய்’ எனப்படும் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின் வழியே பரவியது. அரசு அறிவிப்புகளில் வரும் ‘உடனடிச் சிகிச்சை’ என்ற தொடருக்கு, நடைமுறையில், உடனடியாக நிறம் குறிக்கப்படும் என்பதே உறுதியான பொருள்; பச்சை பெற்றவருக்கு அதன் பிறகு காத்திருப்புத்தான்.

இந்த முறை நியாயமானது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து தலைக்காயத்தோடு ஒருவர் பெரம்பலூர் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும்போது, கை எலும்பு முறிந்து வலியில் துடிப்பவர் காத்திருப்பதில் தவறில்லை. ஆனால் நிறம் என்பது ஒரு கணத்தின் படம் மட்டுமே. நோய் அந்தக் கணத்தோடு நின்றுவிடுவதில்லை. இதன் ஆபத்தைச் சோளக்காடும் பருத்திக்காடும் சூழ்ந்த இம்மாவட்டத்தில் பாம்புக்கடியைப் போல வேறெதுவும் தெளிவாகக் காட்டாது. தரையில் படுத்துறங்கும்போது கட்டுவிரியன் கடித்தால் பல நேரங்களில் வலியோ வீக்கமோ கடிவாயோ தெரியாது. வயிற்றுவலி என்று நடந்தே வருபவர் பச்சைக்குரியவராகத் தோன்றுவார். பின்னர் இமை கனத்துச் சரியும், பேச்சு குழறும், விழுங்க முடியாது, இறுதியில் மூச்சுத் தசைகளே செயலிழந்து செயற்கைச் சுவாசக் கருவி தேவைப்படும்.

கண்ணாடி விரியன் கடியில் காத்திருப்பே பரிசோதனையாகிறது. புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தத்தை எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் நிறுத்தி வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்கிறார்கள். இரத்தம் உறையாமல் ஓடினால், உறைதலுக்கு வேண்டிய பொருள்களை நஞ்சு தின்று தீர்த்துவிட்டது என்று பொருள். நஞ்சுமுறிவு மருந்து தொடங்கப்படும். கண்ணாடியின் பரப்பே உறைதலைத் தூண்டுவதால் பிளாஸ்டிக் குழாய் இதற்கு உதவாது. விலையுயர்ந்த எந்தக் கருவியும் இல்லாத ஊரிலும் செய்யத்தக்க இந்தச் சோதனை வியப்புக்குரியது. வெளியே நிற்கும் உறவினருக்கோ அந்த 20 நிமிடம் யாரும் எதுவும் செய்யாத நேரமாகவே தெரிகிறது. அதை ஒரு வாக்கியத்தில் விளக்கிச் சொல்ல ஒருவர் இருந்தால் பெரும்பாலான சச்சரவு எழாது.

ஆகவே டிரையேஜின் உயிர்நாடி முதல் பார்வையில் இல்லை, மறுபார்வையில் இருக்கிறது. 108 ஆம்புலன்ஸ் வண்டி எத்தனை நிமிடத்தில் வந்தது என்பது பெருமையோடு அறிவிக்கப்படுகிறது. காத்திருப்பவரை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள் என்பது பேசப்படுவது அரிது. இரவுப் பணியில் ஆள் குறைந்தால் முதலில் விடுபடுவது இந்த இரண்டாம் பார்வையே என்பதுதான் இம்முறையின் மிகக் கவலைக்குரிய பகுதி. உடன் இருப்பவர் அந்த இடத்தை ஓரளவு நிரப்ப முடியும்: இமை சரிவு, புதிய வியர்வை, மூச்சிரைப்பு, மயக்கம், தலையில் அடிபட்டவருக்கு வாந்தி அல்லது தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவருக்குத் திடீர்த் தூக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும், ‘எப்போது கூப்பிடுவீர்கள்’ என்று கேட்பதை விட்டு ‘வந்தபோது இப்படி இல்லை, இப்போது மாறியிருக்கிறது’ என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் நிறத்தை மாற்ற வைக்கும்.

கடிதங்களில் எஞ்சிய கேள்விகளுக்குச் சுருக்கமான விடைகள் போதும்.

நெஞ்சுவலிக்கு இ.சி.ஜி. எப்போது? வந்த பத்து நிமிடத்துக்குள் எடுப்பதே மருத்துவ வழிகாட்டுதல், கேட்டுப் பெறலாம்.

காவல் நிலையம் முதலா, மருத்துவமனை முதலா? மருத்துவமனை, உயிர்காக்கும் சிகிச்சைக்குச் சட்ட நடைமுறை தடையாகக் கூடாது என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அடிபட்டவரைத் தூக்கி வந்தவருக்கு வழக்கு வருமா? 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134அ பிரிவு அவரைக் காக்கிறது.

‘ஏ.ஆர். காப்பி’ எதற்கு? விபத்து, விஷம், தீக்காயம், அடிதடி ஆகியவற்றை மருத்துவமனை எழுதிவைக்கும் பதிவேட்டின் நகல் அது. இழப்பீடு கோருவதற்கு அடிப்படை.

காத்திருக்கும்போது தண்ணீர் கொடுக்கலாமா? மருத்துவரைக் கேட்காமல் கூடாது. மயக்க மருந்து தேவைப்படலாம்.

திருச்சிக்கு அனுப்பினால்? கொடுத்த மருந்தும் கொடுத்த நேரமும் எழுதப்பட்ட பரிந்துரைச் சீட்டு கையில் வராமல் வண்டி ஏறக் கூடாது.