பன்றிகளைத் தாக்கிய நிப்பா நோயும் அது பரவிய வழியும்

ஒரு நோயைத் தடுக்க விரும்புவோர், அது வரும் வழியை முதலில் அறிதல் வேண்டும். வழி அறியாது செய்யும் முயற்சி, முன்கதவைத் திறந்து வைத்துப் பின்கதவைப் பூட்டுவதற்கு ஒப்பாகும். இவ்வுண்மையை நம் நாட்டிற்கு உணர்த்தியது நிப்பா நோய்.

1998ஆம் ஆண்டு செப்டம்பர் மாத அளவில், பேராக் மாநிலத்தில் ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் உழைத்தோர் சிலருக்குக் கடுங்காய்ச்சலும் தலைவலியும் கண்டன. சிலர் நினைவிழந்து உயிர் நீத்தனர். இது கொசுக்களால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சலே எனத் தொடக்கத்தில் கருதப்பட்டது. ஆகவே கொசு ஒழிக்கப் புகை அடிக்கப்பட்டது, தடுப்பூசியும் போடப்பட்டது. ஆயினும் நோய் அடங்கவில்லை.

ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைத் தாக்குவது. இந்நோயோ உழைக்கும் வயதினரான ஆண்களையே மிகுதியாகத் தாக்கிற்று. கொசு யாரையும் கடிக்கும். ஆனால் நோயுற்றோர் பெரும்பாலும் பன்றிகளோடு நெருங்கிப் பணிபுரிந்தவர்களே. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுள்ளும் சிலர் நோய்வாய்ப்பட்டனர். 1999 மார்ச் மாதத்தில், மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா காவ் பிங் இதற்குக் காரணமான புதிய வைரஸ் கிருமியைக் கண்டறிந்தார். நெகிரி செம்பிலானிலுள்ள சுங்கை நிப்பா என்னும் கிராமத்தின் பெயரே அக்கிருமிக்கு இடப்பட்டது.

இக்கிருமியின் இயற்கை உறைவிடம் பழந்தின்னி வௌவால். வௌவாலுக்கு இதனால் கேடில்லை. பன்றிக் கொட்டில்களை ஒட்டிப் பழமரங்கள் இருந்தன. வௌவால் கடித்துப் போட்ட பழங்களும் அதன் எச்சிலும் சிறுநீரும் கொட்டிலில் விழ, கிருமி பன்றியை அடைந்தது. நோயுற்ற பன்றி உரத்த ஒலியுடன் இருமும், மூச்சுத் திணறும். அதன் சளி, எச்சில், சிறுநீர் ஆகியவற்றால் நோய் மற்றப் பன்றிகளுக்கும், அவற்றைப் பேணும் மனிதருக்கும் தொற்றியது.

ஈப்போவில் தோன்றிய நோய் தெற்கே சிக்காமாட்டையும் புக்கிட் பெலாண்டோக்கையும் அடைந்தது எவ்வாறு? நட்டத்திற்கு அஞ்சியோர் தம் பன்றிகளை அவசரமாக விற்றனர். அவை லாரிகளில் ஏறிச் சென்றன. நோயும் உடன் சென்றது. 1999 மார்ச்சில் சிங்கப்பூர் இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேர் நோயுற்றனர், ஒருவர் மாண்டார். நம் நாட்டில் 265 பேர் நோயுற்று, 105 பேர் இறந்தனர். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் கொன்று புதைக்கப்பட்டன. பன்றிகளைக் கொண்டு செல்வதும் தடுக்கப்பட்ட பின்னரே நோய் ஓய்ந்தது. எத்தனையோ குடும்பங்கள் பிழைப்பை இழந்தன.

இன்றும் நம் பழமரங்களை நாடி வௌவால்கள் வருகின்றன. இந்நோய்க்கென உறுதி செய்யப்பட்ட மருந்தோ மனிதருக்கான தடுப்பூசியோ இன்னும் இல்லை. ஆதலின், பன்றி வளர்ப்போரும் பண்ணைகளில் கூலிக்குச் செல்வோரும் பின்வருவனவற்றை மனத்தில் இருத்துதல் நலம்:

1. பழமரத்தின் கீழோ அதன் அருகிலோ கொட்டில் அமைத்தல் ஆகாது.

2. வௌவால் கடித்த பழத்தைப் பன்றிக்கு இடலாகாது. பிள்ளைகளையும் உண்ண விடலாகாது.

3. நோயுற்ற பன்றியைத் தொடும்போது கையுறையும் முகமூடியும் அணிதல் வேண்டும். பணி முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கைகளைக் கழுவுதல் வேண்டும்.

4. பன்றிகள் பல ஒருசேர இருமினாலோ இறந்தாலோ, அவற்றை விற்காமலும் அறுக்காமலும் கால்நடைச் சேவைத் துறைக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

5. பன்றிகளிடையே பணிபுரிபவர் காய்ச்சலுற்றால், தம் தொழிலை மருத்துவரிடம் மறவாது கூறுதல் வேண்டும்.

நோயுற்ற விலங்கை மறைத்து விற்பவர் சிறிது பணத்தைக் காப்பாற்றியதாக எண்ணலாம். ஆனால் அவர் விற்பது அயலாரின் உயிரை என்பதை நாம் மறத்தலாகாது.