எண்ணைக் கண்டு எழும் பதற்றம்

வீட்டில் இரத்த அழுத்தக் கருவி வைத்திருப்போர் எம்மிடம் கொண்டுவரும் குறிப்பேடுகளில் இப்படியொரு பக்கத்தை அடிக்கடி காண்கிறோம்: இரவு 10 மணிக்கு 148, 10.02க்கு 156, 10.05க்கு 164.

ஐந்து நிமிடத்திற்குள் நோய் முற்றிவிடுவதில்லை. முதல் எண்ணைக் கண்டு மனம் அஞ்சுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அடுத்த அளவீடு அந்த அச்சத்தையும் சேர்த்தே காட்டுகிறது. முதல் எண் நம் வசத்தில் இல்லை; அதன்பின் நாம் செய்வது பெரும்பாலும் நம் வசத்தில்தான் இருக்கிறது.

ஆகவே, எண் உயர்ந்திருந்தால் பொத்தானை மீண்டும் அழுத்தாதீர்கள். முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் பதித்து, பேசாமல் ஐந்து நிமிடம் அமருங்கள். மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெதுவாக வெளியே விடுங்கள். "ஏதேனும் ஆகிவிடுமோ" என்ற எண்ணம் எழுந்தால் அதனோடு வாதாட வேண்டாம். எழுந்ததை அறிந்துகொண்டு மூச்சுக்கே திரும்புங்கள். பின்னர் ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, எழுதி, ஏட்டை மூடிவிடுங்கள். உடனிருப்போர் அவ்வேளையில் "எவ்வளவு, எவ்வளவு?" என்று கேளாதிருப்பதே பேருதவி. (மாடியேறி வந்தவரை மூச்சு வாங்கும்போதே அளக்கும் அவசரம் மருத்துவர்களாகிய எம்மிடமும் உண்டு.)

பதற்றத்தில் மாத்திரையை நீங்களே கூட்டி விழுங்காதீர்கள்; அழுத்தம் திடீரெனத் தாழ்ந்து மயங்கி விழ நேரலாம். அமைதியாக அமர்ந்த பின்னும் 180/120ஐத் தாண்டினால், வேறு தொல்லை இல்லாவிடினும் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் எண்ணைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே 108ஐ அழையுங்கள்.