பிள்ளைக்கு ஆபரேஷன்? பெற்றோரே, பொறுங்கள்!

வெம்பக்கோட்டை:

"ஊரு என்ன சொல்லும்?"

பிறந்த பிள்ளை ஆணா, பெண்ணா என்று டாக்டரே தயங்கினால் பட்டாசு ஊர்த் தாய்க்கு முதலில் வரும் கவலை இதுதான். அடுத்தது, "வயசுக்கு வரும்போது என்ன ஆகும்?" இப்போதே ஆபரேஷன் பண்ணி மூடி மறைத்துவிடலாமா என்று மனசு பதறும்.

அந்த அவசரத்துக்குக் கடிவாளம் போட்டது மதுரை ஐகோர்ட்டு கிளை. விருதுநகர் மாவட்ட வழக்குகள் போகிற அதே கோர்ட்டுதான்.

தாலியில் தொடங்கிய வழக்கு

2018 அக்டோபரில் தூத்துக்குடி கோவிலில் ஒரு வாலிபர் திருநங்கைக்குத் தாலி கட்டினார். கல்யாணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தார்கள். விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. 2019 ஏப்ரல் 22-ந் தேதி நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பு சொன்னார். திருநங்கையும் மணமகள்தான், பதிவு செய்யுங்கள் என்றார்.

அதோடு விடவில்லை. இடைப்பால் குழந்தைகளுக்குச் செய்யும் பால் மாற்று ஆபரேஷனுக்கும் தடை போடச் சொன்னார். தாய் தகப்பன் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது, தான் யார் என்று அறிய அதற்கு அவகாசம் வேண்டும், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆகஸ்டில் தமிழக அரசு உத்தரவு போட்டது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. ஐரோப்பாவில் மால்டா நாடு 2015-லேயே இப்படிச் சட்டம் போட்டது.

ஏன் பொறுக்கணும்?

பெண் என்று வளர்த்த சில பிள்ளைகளுக்கு 12, 13 வயதில் குரல் உடையும். உடம்பு ஆணாகத் திரும்பும். ஒரு நொதி குறைவால் வருவது இது. சொந்தத்தில் பெண் எடுக்கும் குடும்பங்களில் வாய்ப்பு அதிகம். கைக்குழந்தையிலேயே வெட்டிவிட்டால் அப்புறம் என்ன செய்ய?

ஆனால் ரத்தப் பரிசோதனைக்குத் தாமதம் கூடவே கூடாது. சில குழந்தைகளுக்கு உடம்பில் உப்பு இறங்கும். முதல் சில வாரத்தில் வாந்தி எடுத்துத் துவளும். விட்டால் உயிர் போய்விடும். மருந்து கொடுத்தால் பிழைக்கும்.

அடிக்காதீங்க!

மகனாக வளர்ந்த பிள்ளை, "நான் பொண்ணும்மா" என்று சொன்னாலும் பெல்ட்டை எடுக்காதீர்கள். 'குணப்படுத்துகிறேன்' என்று வைத்தியம் பார்ப்பதை 2021 ஜூனில் சென்னை ஐகோர்ட்டு தடை செய்தது. ஹார்மோன் ஊசி, மாத்திரை எல்லாம் தகுந்த டாக்டர் சொல்லாமல் கூடாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கவே கூடாது.

பற்ற வைக்காத வெடி நாளைக்கும் இருக்கும். வெடித்ததை ஒட்ட வைக்க முடியுமா? பட்டாசு ஊருக்கு இதைச் சொல்லியா தரணும்!