அருவியா, அஜைலா? தேஜஸ் சொல்லும் பதில்!

"வாட்டர்ஃபால் மாடலுக்கும் அஜைல் மாடலுக்கும் என்ன வித்தியாசம்?"

கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போகிற யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. "வாட்டர்ஃபால் ஓல்டு சார், அஜைல்தான் பெஸ்ட்!" என்று ஒப்பிக்கிற ஆளா நீங்கள்? "சரி தம்பி, போர் விமானத்துக்கு எது பெஸ்ட்?" என்று அடுத்த கேள்வி வந்தால் என்ன சொல்வீர்கள் பாஸ்?

சாப்பாடு ஆர்டர் பண்ணும் ஆப் என்றால் திங்கள்கிழமை ஒரு வெர்ஷன், வியாழக்கிழமை ஒரு வெர்ஷன் விடலாம். பட்டன் வேலை செய்யலைன்னா பிரியாணி லேட்டாகும், அவ்வளவுதான். ராணுவத்துக்கு வாங்குகிற சாஃப்ட்வேரில் ஒரு தப்பு நடந்தால்? அங்கே போவது உயிர்!

திரும்ப ஏறாத தண்ணீர்

நம்ம கல்வராயன் மலையில் பெரியார் அருவி, மேகம் அருவி பார்த்திருப்பீர்கள். விழுந்த தண்ணீர் திரும்ப மேலே ஏறாது. வாட்டர்ஃபால் மாடலும் அப்படித்தான். என்ன வேண்டும் என்று முழுசாக எழுது, டிசைன் பண்ணு, கோடு எழுது, டெஸ்ட் பண்ணு, ஒப்படை. முடிந்த படிக்குத் திரும்பக் கூடாது.

இந்த வரிசையைப் படம் போட்டுக் காட்டியவர் வின்ஸ்டன் ராய்ஸ். வருஷம் 1970. வேடிக்கை என்னவென்றால், ஒரே தடவையில் நேராக இப்படிப் போவது ஆபத்து என்று அதே கட்டுரையில் அவரே எச்சரித்திருந்தார். ஆனாலும், 1985-ல் அமெரிக்க ராணுவம் கொண்டுவந்த 2167 என்ற ஸ்டாண்டர்டு அந்த வழியையே பெரிதாகப் பரப்பியது. காரணம், கான்ட்ராக்ட்! ஒவ்வொரு படி முடிந்ததும் கையெழுத்து போட ஒரு டாக்குமென்ட் கிடைக்கும். பணம் கொடுப்பவருக்கு நிம்மதி. ஆனால், ராணுவ புராஜெக்ட் முடிய பல வருஷம் ஆகும். அதற்குள் எதிரியும் மாறிவிடுவான், டெக்னாலஜியும் மாறிவிடும். 1994-ல் அந்த ஸ்டாண்டர்டை மாற்றி, கொஞ்சம் நெளிவு சுளிவு உள்ள இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள்.

சாஃப்ட்வேர் இல்லைன்னா பறக்காது!

இப்போது நம்ம ஊர் உதாரணத்துக்கு வருவோம். கோவை சூலூர் விமானப்படைத் தளத்தில், 2020 மே மாதம் 18-வது ஸ்குவாட்ரன் தேஜஸ் விமானங்களோடு களம் இறங்கியது ஞாபகம் இருக்கா? அந்தத் தேஜஸ் வேண்டுமென்றே நிலையில்லாமல் டிசைன் செய்யப்பட்ட விமானம். அப்போதுதான் சட் சட்டென்று திரும்பும். அதை விழாமல் பிடித்து நிறுத்துவது நான்கு சேனல் கொண்ட கம்ப்யூட்டர் சிஸ்டம். விமானி ஸ்டிக்கை அசைத்தால், றெக்கையை எவ்வளவு அசைக்கலாம் என்று முடிவு செய்வது சாஃப்ட்வேர்தான்.

இதில் "முதல்ல ரிலீஸ் பண்ணுவோம், பக் வந்தா பார்த்துக்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. தரையில் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். 'அயர்ன் பேர்டு' என்ற இரும்புச் சட்டத்தில் நிஜ பாகங்களைப் பொருத்திச் சோதித்தார்கள். 1996-ல் அமெரிக்காவின் எஃப்-16 சோதனை விமானத்தில் ஏற்றிக்கூடப் பறக்கவிட்டார்கள். 1998 மே, பொக்ரான் அணுகுண்டு சோதனை. அமெரிக்கா தடை போட்டது. கூட வேலை பார்த்த லாக்ஹீட் மார்ட்டின் கம்பெனி விலகியது. மீதியை நம்ம ஆட்களே முடித்தார்கள். 2001 ஜனவரி 4, பெங்களூரு. விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் ஓட்ட, தேஜஸ் முதல்முறையாகப் பறந்தது!

கவனியுங்கள்... புராஜெக்ட் மொத்தமும் ஒரே அருவி இல்லை. முதலில் டெக்னாலஜி சரியா என்று பார்க்க இரண்டு விமானங்கள். அவை தேறிய பிறகே அடுத்த மாதிரி விமானங்கள். வேகம், உயரம், வளையும் கோணம் எல்லாமே பறக்கப் பறக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கப்பட்டன. 2013 டிசம்பரில் ஆரம்பகட்ட அனுமதி, 2019 பிப்ரவரியில் முழு அனுமதி. பெரிய ரிஸ்க்கை முதலில் உடை, பிறகு அடுத்த சுற்றுக்குப் போ என்கிற பேரி போயமின் 'ஸ்பைரல் மாடல்' வாசனை இதில் அடிக்கிறதே!

முதல் விமானம் விபத்தில் விழுந்தது 2024 மார்ச்சில்தான். 2025 நவம்பரில் துபாய் விமானக் கண்காட்சியில் நடந்த விபத்தில் ஒரு விமானியை இழந்தோம். இந்தத் துறையில் 'முழு டெஸ்ட்டிங் முடிஞ்சுது' என்று யாரும் சொல்லிவிட முடியாது.

மெதுவா போனா மட்டும் போதுமா?

போதாது! 1983-ல் அனுமதி கிடைத்த தேஜஸ், ஸ்குவாட்ரனில் சேர்ந்தது 2016 ஜூலையில். 33 வருஷம்!

தாமதமும் உயிரைக் குடிக்கும். 1991 வளைகுடாப் போரில், பேட்ரியாட் ஏவுகணை சிஸ்டத்தின் கடிகாரக் கணக்கில் ஒரு சின்னப் பிசகு. 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் 0.34 விநாடி தப்பாகிவிட்டது. பிப்ரவரி 25 அன்று தஹ்ரானை நோக்கி வந்த ஸ்கட் ஏவுகணையை அது கோட்டைவிட, 28 அமெரிக்க வீரர்கள் பலி. திருத்திய சாஃப்ட்வேர் அங்கே வந்து சேர்ந்தது எப்போது தெரியுமா? மறுநாள்!

மூன்று கேள்விகள்

அப்போ எதைத் தேர்ந்தெடுப்பது? மாடல் பெயரை விடுங்கள். இந்த மூன்றைக் கேளுங்கள்.

ஒன்று, இது தப்பானால் யார் சாவார்கள்? இரண்டு, என்ன வேண்டும் என்று இப்போதே முழுசாகத் தெரியுமா? மூன்று, களத்துக்குப் போன பிறகு எவ்வளவு சீக்கிரம் மாற்ற முடியும்?

ஒரே விமானத்துக்குள்ளேயே பதில் மாறும். கன்ட்ரோல் சாஃப்ட்வேருக்கு, ஒவ்வொரு தேவைக்கும் ஒரு டெஸ்ட் என்று ஜோடி சேர்க்கும் 'வி மாடல்'. விமானி பார்க்கும் திரைக்கும் பராமரிப்புக் கணக்குக்கும் அஜைல். அந்தத் திரை எப்படி இருக்கணும்னு, பயன்படுத்துகிற விமானியைக் கேட்காமல் யாராலும் எழுதிவிட முடியாது.

ஆனால், கான்ட்ராக்ட் அதற்கு இடம் கொடுக்கணும். 500 பக்கத் தேவைப் பட்டியலில் முதல் நாளே கையெழுத்து வாங்கிவிட்டு "அஜைலா பண்ணுங்க" என்றால் எப்படி? அமெரிக்கா 2020-ல் சாஃப்ட்வேர் கொள்முதலுக்கென்றே தனி வழி வகுத்தது. பணம் ஒதுக்கிய ஒரு வருஷத்துக்குள் வேலை செய்கிற ஒன்றைக் காட்ட வேண்டும் என்பது அதன் விதி. நம் பாதுகாப்புத் துறையும் 2018-ல் ஐடெக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கி, சின்ன கம்பெனிகளையும் தனி ஆட்களையும் மாதிரி செய்து காட்ட அழைத்தது.

கள்ளக்குறிச்சிக்காரனுக்கு இதில் என்ன என்கிறீர்களா? 2019-ல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சேலமும் ஒன்று. சின்னசேலம், ஆத்தூர் தாண்டினால் வந்துவிடும். நாளைக்கு அங்கே உட்கார்ந்து கோடு எழுதப்போவது நீங்களாகவும் இருக்கலாம். ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு மாடல் பெயர் எழுதும்போதே அந்த மூன்று கேள்விகளுக்கும் பக்கத்தில் பதில் எழுதிப் பழகுங்களேன், ஃப்ரெண்ட்ஸ்!