நடந்து கடக்கும் கடல்

ஜெர்மனியின் குக்ஸ்ஹாஃபன் கரையிலிருந்து நொய்வெர்க் தீவுக்குச் சுமார் 10 கி.மீ. தூரம். நடுவில் கிடப்பது கடல். ஆனாலும் அந்தத் தீவுக்கு ஆட்கள் நடந்தே போகிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் குதிரை வண்டிகளும் போய்வந்திருக்கின்றன. நீர் வடிந்ததும் கிளம்ப வேண்டும், மறுபடி ஏறுவதற்குள் தீவில் கால் வைத்துவிட வேண்டும். நேரம் தப்பினால் ஆபத்துதான்.

இதுதான் வாடன் கடல். நெதர்லாந்தின் டென் ஹெல்டரில் தொடங்கி, ஜெர்மனி வழியாக டென்மார்க் வரை சுமார் 500 கி.மீ. நீள்கிறது. ஒரு பக்கம் பெருநிலம், மறுபக்கம் டெக்ஸல், நோர்டர்னை, சில்ட் என்று வரிசையாக மணல் தீவுகள். இடைப்பட்ட சேற்றுவெளியைக் கடல் தினமும் இருமுறை மூடுகிறது, இருமுறை திறந்துவிடுகிறது. அட்லஸ் வரைகிறவர் பாவம், எந்த நேரத்துக் கரையைக் கோடாகப் போடுவார்?

பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது அலைகள் குவித்த மணல்தான் இந்தத் தீவுகளில் பெரும்பாலானவை. வட கடலின் அலைகளை அவை வெளியிலேயே தடுத்துவிடுவதால் உட்புறம் அமைதி. ஓதம் வரும்போது ஒவ்வொரு தீவின் இரு முனைகளையும் சுற்றிக்கொண்டு நீர் உள்ளே வருகிறது. தீவின் முதுகுப்புறத்தில் இரண்டு நீரும் எதிரெதிரே சந்திக்கும் இடத்தில் எதற்கும் வேகம் இருக்காது. சுமந்துவந்த வண்டல் அங்கேயே படிந்து மேடாகிறது. மலையே இல்லாத கடலடியில் ஒரு நீர்பிரி மேடு! டச்சுக் கரையில் நடந்து கடப்பவர்கள் நம்புவது இந்த மேடுகளைத்தான். மேடு தீவின் சரிபாதியில் இருப்பதில்லை, சற்றுக் கிழக்கே தள்ளியிருக்கும். ஓதம் மேற்கிலிருந்து வருவதால் மேற்கு வாசலில் நீர் முதலில் நுழைந்துவிடுகிறது.

இங்கே நிலம் எதுவும் நிரந்தரமில்லை. 1634-இல் வந்த புயல்வெள்ளம் ஸ்ட்ராண்ட் என்ற தீவைப் பிய்த்துப்போட்டது. இன்றைய பெல்வோர்மும் நோர்ட்ஸ்ட்ராண்டும் அதில் மிஞ்சியவை.

மனிதரும் சும்மா இருக்கவில்லை. டச்சுக்காரர்கள் வாடன் கடலோடு சேர்ந்திருந்த சௌடர்சே என்ற பெரிய விரிகுடாவின் வாயை 32 கி.மீ. நீள அணையால் அடைக்கத் திட்டமிட்டார்கள். அடைத்தால் வெளியே ஓதம் என்ன ஆகும்? இதைக் கணக்கிடும் குழுவுக்கு 1918-இல் தலைவரானவர், இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற ஹென்ட்ரிக் லொரென்ட்ஸ். கணினி இல்லாத காலம். கடலின் கால்வாய்களை வலைபோலப் பிரித்து, கையாலேயே கணக்குப் போட்டார்கள். எட்டு ஆண்டுகள் பிடித்தன. விரிகுடாவுக்குள் ஓடித் தேய்ந்துபோன ஓதம் இனி சுவரில் மோதித் திரும்பும், அதனால் கரையோரத்தில் நீர் முன்பைவிட அதிகம் ஏறி இறங்கும் என்பது விடை. என்னைக் கேட்டால், சார்பியல் வரலாற்றில் அவருக்குள்ள இடத்துக்கு இந்தக் கணக்கு குறைந்ததல்ல.

லொரென்ட்ஸ் 1928-இல் காலமானார். அணையின் கடைசி இடைவெளி 1932 மே 28-இல் அடைக்கப்பட்டது. ஓதம் அவர் சொன்னபடியே உயர்ந்தது.