பேரம் பேச வாய் வரவில்லை!

எங்கள் தெருவுக்கு மாதம் ஒருமுறை கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு அம்மா அப்பளம் கொண்டு வருவார். 100 அப்பளக் கட்டுக்கு எப்போதும் 10 ரூபாய் குறைத்துத்தான் கொடுப்பேன். "கட்டுப்படியாகாதும்மா" என்று முனகிக்கொண்டே வாங்கிக்கொள்வார்.

'உளுந்து மாவுதானே, நாமே இட்டால் என்ன?' என்று போன கோடையில் இறங்கினேன். அரைக் கிலோ மாவில் உப்பு, அப்பளக்காரம், பெருங்காயம் கரைத்த தண்ணீரும் பிரண்டைச் சாறும் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, எண்ணெய் தொட்டு உரலில் இடித்தேன். 20 நிமிஷத்தில் தோள்பட்டை விட்டுப்போச்சு. அவசரமாக இட்டு, மொட்டை மாடியில் உச்சி வெயிலில் போட்டேன். பாதி சுருண்டு விரிசல் விட்டது. மீதி எண்ணெயில் பொரியாமல் தகடு மாதிரி கிடந்தது!

அடுத்த தடவை அந்த அம்மாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "இழுத்தா ரப்பர் மாதிரி வர்ற வரைக்கும் இடிக்கணும்மா. மாவு தொட்டு மெல்லிசா இடணும். நிழல்ல உலர்த்தி, கடைசியில கொஞ்சம் இளவெயில் காட்டினா போதும். எண்ணெய் நல்லா காயணும், ஆனா புகையக்கூடாது" என்றார்.

அப்போதுதான் அவர் உள்ளங்கையைக் கவனித்தேன். உலக்கை பிடித்த இடமெல்லாம் காய்ப்பு. கேட்ட விலையை அப்படியே எடுத்துக் கொடுத்தேன்.

தோழிகளே! ஒரு தடவை நீங்களும் வீட்டில் அப்பளம் இட்டுப் பாருங்கள். அப்புறம் வாசலில் வருகிறவர்களிடம் 10 ரூபாய்க்குப் பேரம் பேச மனசு வராது.

- ஒரு வாசகி, பாளையங்கோட்டை.