சிங்கப்பூர்க் குழந்தை உணவு நிலையங்கள், 1947

இலவச உணவுத் திட்டம் பற்றிப் பேசுமிடத்து, 1920இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தியாகராயர் காலத்தில் தொடங்கிய உணவுத் திட்டத்தையும், 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவையும் தமிழாசிரியர்கள் தவறாது குறிப்பிடுவர். இவ்விரண்டிற்கும் இடையே சிங்கப்பூரிலேயே நிகழ்ந்த ஒரு முயற்சி நம் வகுப்பறைகளில் அரிதாகவே பேசப்படுகின்றது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1945 செப்டம்பரில் சப்பானியர் ஆட்சி முடிவுற்ற பின்னரும் அரிசித் தட்டுப்பாடு நீங்கவில்லை. பங்கீட்டு அரிசி போதாமல் மக்கள் கறுப்புச் சந்தையை நாடினர். 1946 சூனில் அமைந்த சமூகநலத் துறை மக்கள் உணவகங்களைத் திறந்து ஒருவேளை உணவை 35 காசுக்கு வழங்கியது. தனியொரு பணியாளர்க்கு அது மலிவு. அறுவர் கொண்ட கூலிக் குடும்பத்திற்கோ ஒருவேளைக்கே 2 வெள்ளி 10 காசாகும். பின்னர் 8 காசு உணவும் வந்தது.

அதுவும் எட்டாத வீடுகளின் பிள்ளைகளுக்காகவே 1947இல் குழந்தை உணவு நிலையங்கள் தோன்றின. 2 முதல் 6 வயது வரையிலானோர்க்கு அங்கு உணவு இலவசம். சென்னைத் திட்டங்கள் பள்ளிப் பிள்ளைகளை நோக்கின. சிங்கப்பூர்த் திட்டமோ பள்ளிக்கு வராத வயதினரைத் தேடியது. ஊட்டக்குறைவு உடலைப் பெரிதும் தாக்குவது பள்ளிப் பருவத்திற்கு முன்னரே என்பதால் இவ்வேறுபாடு சிறிதன்று. தமிழகத்தில் 1982ஆம் ஆண்டுச் சத்துணவுத் திட்டம் 2 வயதுக் குழந்தைகளையும் உட்கொண்டது ஈண்டு ஒப்பிடத்தக்கது.

சிராங்கூன் சாலைக் கோயில்களின் அன்னதானப் பந்தியில் யாரும் வயது கேட்பதில்லை. அரசு நிலையம் கேட்டாக வேண்டியிருந்தது. ஆயினும் போரினால் கல்வியிழந்த மூத்த பிள்ளைகளும் அங்கு வந்தனர். அவர்களுக்கெனத் தொண்டர்கள் பாடமும் விளையாட்டும் சேர்க்க, காலப்போக்கில் அவை சிறுவர் சமூக நிலையங்களாயின.

ஹேவ்லாக் சாலை நிலையத்தில் தொண்டாற்றிய கான்ஸ்டன்ஸ் கோ, அடுத்தடுத்துப் பிறந்த குழந்தைகள் வரிசையில் நிற்பதைக் கண்டு, 1949இல் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் நிறுவியோருள் ஒருவரானார். தாய்மாரின் உடல்நிலை கருதின் அம்முடிவு போற்றத்தக்கதே. எனினும், பிள்ளைகளின் எண்ணிக்கையையே வறுமைக்குக் காரணமாக்கினால் கூலியும் அரிசி விலையும் கணக்கினின்று மறைந்துவிடும் என்பது என் கருத்து.

இன்று கல்வி அமைச்சின் நிதியுதவியில் பள்ளி உணவும் அடங்கும். அதற்குரிய தகுதி, குடும்ப வருமானத்தைக் கொண்டோ அதனை வீட்டிலுள்ளோர் எண்ணிக்கையால் வகுத்தோ முடிவு செய்யப்படுகின்றது.